தரைத்தளத்தில் மட்டும் மழை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு, கதவைத் தட்டாமலே ஒரு பெண் எங்கள் ஒலிபரப்பு அறைக்குள் வந்தாள். நேரம் மட்டும் எனக்கு நிச்சயம், பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றில் எது நடந்தது, எது நான் பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல முடியுமா தெரியவில்லை. முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன்.

அவள் கையில் ஒரு குழந்தையின் செருப்பு ஜோடி இருந்தது. மூச்சு வாங்கியது. மாடிப்படிகளில் ஓடி வந்திருக்க வேண்டும். எங்கள் அறை ஆறாம் மாடியில், மொட்டைமாடிக்குப் போகும் படிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஷிரானே சான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர்தான் ஒலிபரப்புத் தலைவர். இருபத்தாறு வருடங்களாக மினோகுரா அங்காடியில் என்ன பாட்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்.

"உக்காருங்கம்மா. யாரைக் காணோம்?"

"காணாமப் போகல. கூட்டிட்டுப் போறார்."

"யாரு?"

"அவ அப்பா."

அவள் பெயர் ஹிசாயே. மகள் மிவாவுக்கு ஐந்து வயது. நாலாம் மாடியில் பனிக்காலத்துக்கு பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். இடது காலில் மஞ்சள் பூட்ஸ் ஏறிவிட்டது. வலது கால் ஜோடி பெரிதாக இருக்கிறதே என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்கத் திரும்பியிருக்கிறாள். மறுபடி பார்த்தால் முக்காலி காலி. பழுப்புக் கோட்டு போட்ட முதுகும் அதன் தோளுக்கு மேல் ஒரு சிவப்புத் தொப்பியும் நகரும் படிக்கட்டில் மேலே போனதை மட்டும் பார்த்திருக்கிறாள். மேலே ஓடி வந்தால் மொட்டைமாடியில் யாரும் இல்லை.

"மேல ஏறி, வேற பக்கமா இறங்கிட்டார்" என்றாள். "மூணு நாப்பதுக்கு அகிதா ரயில். அவரோட அம்மா வீடு அங்கதான். செவ்வாய்க்கிழமை கோர்ட். குழந்தை எந்த வீட்டுல இருக்கோ அங்கயே இருக்கட்டும்னுதான் தீர்ப்பு சொல்லுவாங்களாம், வக்கீல் சொன்னார். இன்னிக்கு ரயில் ஏத்திட்டார்னா எனக்கு அவ இல்ல."

"போலீஸுக்குச் சொல்லட்டுமா?"

"போன மாசமே கேட்டுட்டேன். அப்பா கூட்டிட்டுப் போனா அது குடும்ப விஷயமாம்."

ஷிரானே சான் ஒலிவாங்கியைப் பார்த்தார். அவள் அதற்குக் குறுக்கே கையை வைத்தாள்.

"பேரைச் சொல்லாதீங்க. கேட்டா ஓடிடுவார். நான் அவர் முன்னாடி போய் நின்னாப் போதும். மிவா என்கிட்ட தாவிடுவா. நாலு பேர் பாக்கறப்ப பிடிச்சு இழுக்கற ஆளில்ல அவர். அதுக்குள்ள வெளிய போயிடக் கூடாது, அவ்வளவுதான்."

ஷிரானே சான் என் பக்கம் திரும்பினார். "ஹோரி சான். படகுத் தாலாட்டு."

எங்கள் கடையில் காலை பத்து மணி முதல் மாலை ஆறரை வரை பாட்டு நிற்பதில்லை. எல்லாம் மென்மையான பாட்டுகள். ஓடையைப் பற்றி, அந்தியைப் பற்றி, தூங்கும் குழந்தையைப் பற்றி. வாரம் முழுக்க நின்று வேலை செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து, பைகளைக் காலடியில் வைத்து, படிக்கட்டு ஓரத்துப் பெஞ்சுகளில் கண்ணை மூடி அவற்றைக் கேட்பார்கள். மினோகுராவுக்குப் பொருள் வாங்க வருவதில்லை, பாட்டுக் கேட்கத்தான் வருகிறோம் என்று கடிதம் எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் கடையில் வேலை செய்கிற எங்களுக்கு அவற்றில் சில வெறும் பாட்டுகள் அல்ல. ஒரு பாட்டு வந்தால் வெளியே மழை பிடித்திருக்கிறது, வாடிக்கையாளரின் காகிதப் பைகளுக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட வேண்டும். இன்னொன்று வந்தால் முதலாளி வீட்டார் வந்திருக்கிறார்கள். வாயைத் திறந்து சொன்னால் வாடிக்கையாளர் பதறுவார், பாட்டால் சொன்னால் யாருக்கும் தெரியாது. செய்தி எவ்வளவு மோசமோ பாட்டு அவ்வளவு இதமாக இருக்க வேண்டும் என்பது ஷிரானே சானின் கொள்கை. அதனால் இருப்பதிலேயே இதமான படகுத் தாலாட்டை இந்தப் பருவத்தில் இருப்பதிலேயே மோசமான செய்திக்கு வைத்திருந்தார். யாரோ குழந்தையைக் கொண்டுபோகிறார்கள். எல்லா மாடியிலும் தேடு. கதவுகளுக்குப் போ.

கதவுகளுக்குப் போவது என்றால் பூட்டுவது அல்ல. ஒவ்வொரு கதவிலும் இருவர் நின்று, வெளியே போகிற ஒவ்வொருவருக்கும் இடுப்பு வரை குனிந்து வணங்கி வழியனுப்ப வேண்டும். குனிந்து நிமிர்கையில் முகத்தைப் பார்க்க வேண்டும். தேடுகிற ஆள் என்றால் வணக்கத்தை நீட்ட வேண்டும். யாரையும் தொட எங்களுக்கு உரிமை இல்லை. வணங்குகிறவரைத் தள்ளிவிட்டுப் போகும் ஆளை நான் பார்த்ததில்லை.

ஒலிநாடாவை மாட்டினேன். இரண்டு ஐம்பத்தாறு.

"நான் பின்பக்கப் படி வழியா ஒவ்வொரு மாடியா பாத்துட்டு இறங்கறேன்" என்று ஷிரானே சான் கிளம்பினார். "அம்மா இங்கயே இருக்கட்டும். தகவல் வந்ததும் எந்த மாடின்னு சொல்லி அனுப்பு. இவங்களும் தேடிட்டுப் போனா அப்புறம் இவங்கள நாம தேடணும்."

இந்தப் பாட்டு கேட்டதும் ஒவ்வொரு தளத் தலைவரும் உள் தொலைபேசியில் எங்களை அழைத்து அடையாளம் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒரு தாளில் ஆறு கோடுகள் போட்டு வைத்தேன். முதல் அழைப்பு நாலாம் மாடி.

"பழுப்புக் கோட்டு. சிவப்புத் தொப்பி வெச்ச அஞ்சு வயசுப் பொண்ணு. ஒரு கால்ல மஞ்சள் பூட்ஸ், இன்னொரு கால்ல வெறும் காலுறை. தூக்கிட்டுதான் போயிருப்பார்."

"பூட்ஸ் நம்ம கடை பூட்ஸ்தான்" என்றார் நாலாம் மாடிக்காரர். "எங்க விற்பனைப் பொண்ணு இங்க அழுதுகிட்டிருக்கா."

பிறகு ஐந்து, இரண்டு, மூன்று, ஒன்று. மூன்று மணி ஆறு நிமிடத்துக்குள் ஐந்து கோடுகளில் குறி போட்டுவிட்டேன். தரைத்தளம் கூப்பிடவில்லை.

தரைத்தளம்தான் முக்கியம். ஆறு கதவுகளும் அங்கே. அதற்குக் கீழே நிலத்தடியில் உணவுக்கூடம், அதன் கோடியில் ரயில் நிலையத்துக்குப் போகும் சுரங்க வழி. இரண்டையும் பார்ப்பவர் ஒரே ஆள், குராமொச்சி சான். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தாமதமாகியிருக்கும் என்று நினைத்தேன். நானே அழைத்தேன். இணைப்பு பேச்சில் இருந்தது. மறுபடி அழைத்தேன். மறுபடியும்.

ஹிசாயே செருப்பின் வாரைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். "எல்லாக் கதவுலயும் ஆள் நிக்கறாங்கதானே?"

"நிக்கறாங்க" என்றேன்.

மூன்று பதினான்குக்குத் தொலைபேசி அடித்தது. குராமொச்சி சான்.

"ஏம்மா ஹோரி, மேல ஜன்னல் கின்னல் எதுவும் இல்லையா? வெளிய வெயில் பல்லைக் காட்டுது. நீ மழைப் பாட்டைப் போட்டு விட்டுட்டே. பதினெட்டு நிமிஷமா நாங்க ஒவ்வொரு பைக்கும் உறை போட்டுக்கிட்டிருக்கோம். ஒரு அம்மா கேக்கறாங்க, என் முள்ளங்கிக்கு ஜலதோஷம் பிடிச்சுடுமான்னு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

படகுத் தாலாட்டு போன பருவம் வரைக்கும் மழைப் பாட்டு. அடிக்கடி வரும் வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று பருவத்துக்கு ஒருமுறை பட்டியலை மாற்றுவோம். வெள்ளிக்கிழமை முதல் புதுப் பட்டியல். வியாழக்கிழமை மாலை நான்தான் ஒவ்வொரு தளமாகப் போய்க் கொடுத்தேன். கூடவே ஒரு சுற்றறிக்கை, அதில் ஆறு கட்டங்கள், பெற்றுக்கொண்டவர் தன் பெயர் முத்திரையை வைக்க வேண்டும். ஐந்து கட்டங்களில் சிவப்பு வட்டங்கள் விழுந்துவிட்டன. தரைத்தளத்துக்குப் போனபோது குராமொச்சி சான் இல்லை. எனக்கு ஐந்து இரண்டுக்குப் பேருந்து, ஐந்தரைக்கு மாலை வகுப்பு. பட்டியலை அவர் மேசையில் ஏதோ விலைப்பட்டியலுக்குக் கீழே பறக்காமல் செருகினேன். அவருடைய முத்திரை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், திறந்த இழுப்பறையில் கிடந்தது. ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும் தாளைக் கொண்டுபோய் மேலே கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்து நானே வைத்தேன். நேராக, கட்டத்துக்கு நடுவில் விழுந்தது. திருப்தியாக இருந்தது.

அந்தப் பட்டியல் இன்னும் விலைப்பட்டியலுக்குக் கீழே இருக்கிறது.

"குராமொச்சி சான், அது மழை இல்ல. கதவு. பட்டியல் மாறிடுச்சு. குழந்தையைத் தூக்கிட்டுப் போறாங்க, பழுப்புக் கோட்டு, ஒரு கால்ல மஞ்சள் பூட்ஸ்."

அவர் சிரிப்பு நின்றது. "எப்ப மாறிச்சு? எனக்கு யாரும் தரலையே."

"அப்புறம் சொல்றேன். கதவுக்குப் போங்க."

"போங்கன்னா எப்படிம்மா? நம்ம ஆளுங்க தொண்ணூறு பேர் இருக்காங்க, ஆளுக்கு முன்னாடி பத்துப் பேர் வரிசையில நிக்கறாங்க. ஒவ்வொருத்தன் காதுலயும் போய்ச் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம் ஆகும். கீழ உணவுக்கூடத்துக்கு இன்னும் ஆகும். பழைய கதவுப் பாட்டைப் போடு, ஒரே நிமிஷத்துல எல்லாரும் ஓடுவாங்க." தொலைபேசியை வைத்துவிட்டார்.

பழைய கதவுப் பாட்டு, 'விளக்கு வைக்கும் நேரம்'. அலமாரியில் மூன்றாவது தட்டில் இருந்தது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். தரைத்தளத்துக்கு அது கதவு. புதுப் பட்டியல் கிடைத்த ஐந்து மாடிகளுக்கு அது 'கிடைத்துவிட்டது, வேலைக்குத் திரும்பு'. போட்டால் கீழே கதவுகளில் ஆள் நிற்கும், மேலே தேடுவது நின்றுவிடும். அந்த மனிதர் இன்னும் மேலே எங்கேயாவது, கழிவறைப் பக்கத்திலோ சிற்றுண்டிச் சாலையிலோ ரயில் நேரம் வரை காத்திருந்தால்? அல்லது பதினெட்டு நிமிடத்தில் ஏற்கெனவே கீழே இறங்கியிருந்தால்? போடாவிட்டால் என்ன ஆகும், போட்டால் என்ன ஆகும் என்று இரண்டு பத்தியாக ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதத்தான் தொடங்கினேன். மூன்று பதினாறு.

"என்ன ஆச்சு?" என்றாள் ஹிசாயே.

சொன்னேன். எல்லாவற்றையும். பட்டியல், இழுப்பறை, முத்திரை. "தப்பு என்னோடது" என்று குனிந்தேன்.

அவள் என் வணக்கத்தைப் பார்க்கவில்லை. "அப்ப கதவு எல்லாம் திறந்து கிடக்கு."

"ஆமா."

"இருபது நிமிஷமா."

"ஆமா."

அவள் எழுந்து கதவு வரை போய், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் திரும்பி வந்தாள். சுவரில் இருந்த கடையின் வரைபடத்தைப் பார்த்தாள். கதவுகளை விரலால் எண்ணினாள். எண்ணும்போது வாய்க்குள் ஏதோ ராகம் ஓடியது. பயத்தில் சிலருக்குப் பல் கிட்டும், அவளுக்குப் பாட்டு வந்தது போல. அவளுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அது என்ன பாட்டு?"

"எது?"

"இப்ப பாடினீங்களே."

"ஓ. தலை துவட்டறப்போ பாடறது. குளிச்சிட்டு வந்ததும் ஓடுவா, பிடிச்சு உக்கார வெக்கணுமே. நான் ஒரு வரி கேப்பேன், அவ ஒரு வரி பதில் சொல்லணும். சொல்லாட்டி அவளுக்குத் தூக்கம் வராது." அவள் நிறுத்தினாள். நானும் அவளும் ஒரே நேரத்தில் ஒலிவாங்கியைப் பார்த்தோம்.

"அவருக்கும் கேக்குமே" என்றேன்.

"கேக்கட்டும்."

"கேட்டா ஓடிடுவார்னு நீங்கதான்…"

"இப்ப மட்டும் நடந்தா போறார்?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பதில் சொல்லாம அவ நகர மாட்டா. தூக்கிட்டுப் போனாலும் சொல்லிக்கிட்டேதான் போவா. யார் காதுலயாவது விழும்ல?"

இதற்குப் பட்டியலில் இடம் இல்லை, அனுமதி இல்லை, ஷிரானே சான் இல்லை. நான் படகுத் தாலாட்டைக் குறைத்தேன். முழுக்கக் குறைத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து திறந்த கடையில் பாட்டு நின்றது அதுதான் முதல் தடவை. கதவுக்கு வெளியே படிக்கட்டில் கேட்ட பேச்சுக்குரல்கள்கூடத் தணிந்தன. பொத்தானை அழுத்தினேன், சிவப்பு விளக்கு எரிந்தது.

அவளுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. எனக்கு எழுதப்பட்டதைப் படிக்கத்தான் தெரியும், இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது என்று தெரியாது. அவள் மடியிலிருந்த செருப்பை எடுத்து மேசைமேல், அவள் கண்ணுக்கு நேரே வைத்தேன். மூன்று பத்தொன்பது.

"நனைஞ்ச குருவி, நனைஞ்ச குருவி,
எங்கே போயிட்டு வந்தே?"

நல்ல குரல் இல்லை. முதல் வரி உயரத்தில் தொடங்கி இரண்டாவது வரியில் தடுக்கிக் கீழே விழுந்தது. பாடிவிட்டு நிறுத்தினாள். மகள் பதில் சொல்கிற நேரம் அது. அந்த இடைவெளியில் கடை முழுக்க எதுவும் இல்லை. நாலு வினாடி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அவளே அந்தப் பதிலைக் கேட்டது போலத் தலையை ஆட்டி, அடுத்ததைப் பாடினாள்.

"அங்கே யாரு துவட்டினா?"

மறுபடி இடைவெளி. மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறை பாடும்போது தொலைபேசி அடித்தது, பாய்ந்து எடுத்தேன். இரண்டாம் மாடி. "இது என்ன பாட்டு? நாங்க என்ன செய்யணும்?" தேடுங்கள் என்று சொல்லி வைத்தேன். உடனே மறுபடி அடித்தது. மூன்றாம் மாடி, அதே கேள்வி. நான் ஒரே பதிலை வேகமாகச் சொல்லி வைத்தேன். அவள் பாடிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், இல்லை.

மூன்று இருபத்தைந்து. மறுபடி அடித்தது.

"ஒலிபரப்பா? நான் கீழ ஊறுகாய்க் கடை இகாராஷி. பாடறது யாரு, ஒரு குழந்தையோட அம்மாவா?"

"ஆமா!"

"அப்ப சரிதான். இங்க ஒரு பொண்ணு கூரையைப் பாத்துப் பதில் பாடிக்கிட்டிருக்கு."

அந்த அம்மாள் மேலே சொன்னாள்.

"ஒத்தைக் கால்ல மஞ்சள் பூட்ஸ். சுரங்க வழிக்கு இன்னும் இருபது எட்டுதான். அவங்கப்பா தூக்கிட்டு வேகமா வந்தாரு. பாட்டு வந்துச்சு, குழந்தை உடம்பை வில்லா வளைச்சு வழுக்கி இறங்கிடுச்சு. தரையில சம்மணம் போட்டு உக்காந்துடுச்சு. 'நிலாவுக்குப் பின்னாடி'ன்னு கத்துது பாரு, மொத்தக் கூடமும் திரும்பிப் பாக்குது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சுது. அதனால ருசி காட்டிக்கிட்டிருக்கோம்."

"என்ன காட்டறீங்க?"

"ருசிம்மா. நானு, எதிர்க்கடை, மீன் கடைக்காரி, சுத்தி நின்னுக்கிட்டு இதைச் சாப்பிட்டுப் பாருங்க, அதைச் சாப்பிட்டுப் பாருங்கன்னு நீட்டறோம். வேண்டாம்னு சொல்லச் சொல்லக் குனியறோம். மனுஷன் எவ்வளவு நேரம் வேண்டாம்னு சொல்லுவான்? ரெண்டு துண்டு முள்ளங்கி வாங்கிட்டாரு. சீக்கிரம் அவளை அனுப்பு."

நான் ஹிசாயேவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். நிலத்தடி. ஊறுகாய்க் கடை. அவள் எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றாள். பாட்டு நின்றால் குழந்தையும் எழுந்துவிடும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மின்தூக்கி ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு மாடியிலும் நிற்கும். படியில் ஓடினாலும் ஏழு தளம்.

"போங்க" என்று உதட்டை அசைத்தேன். "நான் பாடறேன்."

அவள் செருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தினம் நாற்பது அறிவிப்பு படிக்கிறேன், பாடியதில்லை. பள்ளியில் கூட்டுப் பாட்டில் வாயை மட்டும் அசைத்தவள் நான். ஒலிபெருக்கிகள் எத்தனை என்று எனக்குத் தெரியும், இருநூற்றுப் பன்னிரண்டு. அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாடினேன்.

"நனைஞ்ச குருவி, நனைஞ்ச குருவி,
எங்கே போயிட்டு வந்தே?"

தொலைபேசிக் குழலைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தேன். அந்தப் பக்கம் ஒரு குழந்தைக் குரல், எரிச்சலோடு: "இது அம்மா இல்ல."

"எழுந்துடுச்சு" என்றாள் இகாராஷி அம்மாள், தணிந்த குரலில். "அவர் கையை நீட்டறார்."

நிறுத்தினால் போய்விடும், தொடர்ந்தாலும் போய்விடும். நான் இரண்டாவது கேள்வியைப் பாடினேன். ராகம் எங்கேயோ போனது. சொல்லும் மாறிவிட்டது. 'யாரு துவட்டினா' என்பதற்குப் பதில் 'யாரு கூப்பிட்டா' என்று பாடிவிட்டேன் போலிருக்கிறது.

"தப்பு!" குழந்தை கத்தியது குழலில் தெளிவாகக் கேட்டது. "அப்படி இல்ல! துவட்டினா! அங்கே யாரு து-வ-ட்-டி-னா!"

"ஏம்மா, தப்பாப் பாடறியாம்" என்றாள் இகாராஷி அம்மாள். "மறுபடி உக்காந்துடுச்சு. உனக்குச் சொல்லிக் குடுக்கப் போவுதாம்."

மறுபடி பாடினேன். இந்த முறை முதல் வரியை வேண்டுமென்றே தப்பாகப் பாடினேன். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்ததா, அல்லது பதற்றத்தில் தானாகத் தப்பானதா என்று யோசித்துப் பார்த்தேன். முதல் தப்பு தானாக வந்தது. அடுத்த மூன்றும் வேண்டுமென்றே செய்தவைதான். குருவியைக் காக்கை ஆக்கினேன். நனைந்ததைக் காய்ந்தது ஆக்கினேன். குழந்தை ஒவ்வொன்றையும் கூரையைப் பார்த்துத் திருத்தியது. உணவுக்கூடத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு பலர்.

பின்படி வழியாக ஷிரானே சான் வியர்வையோடு உள்ளே வந்தது அப்போதுதான். சிவப்பு விளக்கையும் என்னையும் பார்த்தார். நான் ஒலிவாங்கியைக் கையால் மூடி, "தரைத்தளத்துக்குப் பட்டியல் போகல, முத்திரையை நான்தான் வெச்சேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. எதையோ சொல்ல வாயெடுத்தார். "அதை அப்புறம் பாத்துக்கலாம். பாடு" என்றார்.

மூன்று முப்பத்தொன்று. குழலில் ஓடி வரும் காலடி. யாரோ தட்டைத் தட்டிவிட்ட சத்தம். பிறகு ஹிசாயேவின் குரல், மூச்சிரைப்புக்கு நடுவில் பாதி வரி: "அங்கே யாரு துவட்டினா?"

"யாருமில்ல, யாருமில்ல, அதான் வந்தேன்!"

பிறகு எல்லாமே துணியில் அமுங்கிய சத்தம். குழந்தை அவள் கோட்டுக்குள் முகத்தைப் புதைத்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. இகாராஷி அம்மாள் குழலை மேடைமேல் வைத்துவிட்டாள். அதனால் கேட்டது.

"மேல இருக்கறவங்களுக்குப் பாடவே தெரியலம்மா."

"சரி."

"அப்பா, ரயில் எப்ப?"

ஓர் ஆணின் குரல், நான் நினைத்திருந்ததைவிட மெல்லிய குரல். "இன்னிக்கு இல்ல, மிவா."

"நாளைக்கா?"

"செருப்பைப் போடு" என்றாள் ஹிசாயே. "இந்த பூட்ஸைக் கழட்டு, இது கடைக்காரங்களோடது." வார் பூட்டும் சின்னச் சத்தம் கேட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரத்தில் கேட்டிருக்காது.

நான் இன்னும் பாடிக்கொண்டிருந்தேன். ஷிரானே சான் சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் கையை நீட்டி, நிறுத்தலாம் என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டினார். மூன்று நாற்பத்தொன்றுக்கு நிறுத்தினேன்.

குழலில் கரகரப்பு. இகாராஷி அம்மாள் அதை மறுபடி எடுத்திருந்தாள்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன். அவங்க?"

"அம்மாவும் பொண்ணும் கிழக்குக் கதவு வழியாப் போயிட்டாங்க. நம்ம குராமொச்சி கதவுல நின்னு தரை வரைக்கும் குனிஞ்சாராம், பாவம், மூச்சு வாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பொண்ணோட அப்பா போகல. ரயிலும் போயாச்சு. முள்ளங்கித் தொட்டிப் பக்கத்துல முக்காலி போட்டுக் குடுத்தேன், உக்காந்திருக்கார். கோட்டைக்கூடக் கழட்டல."

"ஏதாவது சொல்றாரா?"

"பாட்டை ஏன் நிறுத்திட்டாங்கன்னு கேக்கறார்."

நான் ஷிரானே சானைப் பார்த்தேன். அலமாரியில் நூற்றுக்கும் மேல் நாடாக்கள் இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து காலணியின் கயிற்றைத் தளர்த்தினார்.

"இந்தத் தடவை சரியாப் பாடு" என்றார்.

பொத்தானை அழுத்தினேன். மெதுவாக, சொல் மாறாமல் பாட முயன்றேன். ராகம் ஓரளவு வந்தது. கேள்வி முடிந்ததும் இடைவெளி விட்டேன், நாலு வினாடி.

"ஏதோ முணுமுணுக்கறார்" என்றாள் இகாராஷி அம்மாள். "எனக்குக் கேக்கல. நீ மேல பாடு."